"நீங்க எந்த ஊரு?" என்று கேட்டு "மீட்டப்" (நேர் சந்திப்பு) போடாதீர்கள்

ஆன்லைனில் பழகிய நண்பர்கள் நேரில் சந்திக்கலாம் என்று கிளம்பி, பாதியிலேயே கலைந்துபோவதற்கு லீவு கிடைக்கல, காசு இல்ல, வீட்ல விடல என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். அதெல்லாம் பிறகு வருவது. கோளாறு பெரும்பாலும் குழுவின் அட்மின் கேட்கும் முதல் கேள்வியிலேயே ஆரம்பித்துவிடுகிறது: "எல்லாரும் அவங்கவங்க ஊரைப் போடுங்க."

நம் ஆட்களிடம் ஊரைக் கேட்டால் சொந்த ஊரைத்தான் சொல்வார்கள். பிழைப்புக்கு ஓசூரில் இருப்பவர் "நமக்கு தென்காசிப் பக்கம்" என்பார். பிறந்தது கும்பகோணம், வாக்கப்பட்டது ஈரோடு, இப்போது இருப்பது பெருங்களத்தூர் என்று இருக்கும் அக்கா அந்த மூன்றில் எதைச் சொல்வார் என்பது அவருக்கே தெரியாது. அட்மின் தென்காசியையும் கும்பகோணத்தையும் மேப்பில் பார்த்துவிட்டு, நடுவில் மதுரை என்று ஹோட்டல் தேட ஆரம்பிப்பார். இரண்டு பேரும் பஸ் ஏற வேண்டியது வேறு திசையிலிருந்து.

கேள்வியை மாற்றுங்கள். "அன்னிக்கு எங்கேருந்து ஏறுவீங்க? முடிஞ்சதும் எங்கே போய் இறங்கணும்?" இந்த இரண்டும் ஒரே ஊராக இருக்க வேண்டிய அவசியமில்லை. வேலை பார்க்கும் ஊரிலிருந்து வந்துவிட்டு, கையோடு அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்களுக்குப் போகவர டிக்கெட் என்று சேர்த்துப் போட்டால் பாதிப் பணம் வீண்.

அடுத்து பெயர்க் குழப்பம். குழுவில் எல்லோரும் தங்கிலீஷில் தட்டும்போது கடலூரும் கூடலூரும் ஒன்றாகிவிடும். கூடலூர் என்று சரியாகவே எழுதினாலும் அது நீலகிரியா, தேனி மாவட்டத்துக் கம்பம் பக்கமா? ஆலங்குளம் தென்காசியிலும் உண்டு, விருதுநகரிலும் உண்டு. ஆலங்குடி என்றால் புதுக்கோட்டைக்காரருக்கு ஒன்று, குரு பகவான் கோயிலுக்குப் போகிறவருக்கு இன்னொன்று. திருப்பத்தூர்தான் இருப்பதிலேயே மோசம்: ஒன்று சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடி பக்கம், மற்றது ஜோலார்பேட்டை பக்கம். போதாக்குறைக்கு திருச்சி அருகே பிரம்மன் கோயில் இருக்கும் திருப்பட்டூர். ரயில் டிக்கெட் எடுக்கும் ஆப்பில் திருப்பத்தூர் என்று தேடினால் வருவது ஜோலார்பேட்டைப் பக்கத்து ஸ்டேஷன். சிவகங்கைக்காரருக்கு அதில் டிக்கெட் போட்டுக் கொடுத்தால் அவர் சிரிப்பாரா அழுவாரா தெரியாது.

மாவட்டத்தைக் கேட்டால் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 2019-ல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று புது மாவட்டங்கள் வந்தன, 2020-ல் மயிலாடுதுறை. ஆனாலும் சங்கரன்கோவில்காரர் வாயில் இன்னும் திருநெல்வேலிதான் வரும். ஆம்பூர்காரர் பழக்கத்தில் வேலூர் என்பார். அது அவர்கள் தப்பில்லை, பாதிப் பேரின் ரேஷன் கார்டிலும் அப்படித்தான் இருக்கும்.

இதற்கெல்லாம் கைவசம் இருக்கும் நல்ல கருவி பின்கோடு. மாவட்டம் பிரிந்தாலும் பின்கோடு மாறவில்லை. முதல் மூன்று இலக்கம் மட்டும் போதும். கடலூர் 607, நீலகிரிக் கூடலூர் 643, தேனிக் கூடலூர் 625. சிவகங்கைத் திருப்பத்தூர் 630, வடக்கே இருப்பது 635. தென்காசி ஆலங்குளம் 627, விருதுநகர் ஆலங்குளம் 626. ஒரு ஷீட்டில் பெயர், ஏறும் இடத்தின் மூன்று இலக்கம், இறங்கும் இடத்தின் மூன்று இலக்கம், கிளம்பியே ஆக வேண்டிய நேரம் என்று நான்கு கட்டம் போடுங்கள். எண் வரிசையில் அடுக்கினால் யார் யார் சேர்ந்து ஒரே காரில் வரலாம் என்பது உட்கார்ந்த இடத்தில் தெரிந்துவிடும்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. முன்பின் பார்க்காத ஐம்பது பேர் இருக்கும் குழுவில் முழு முகவரியைக் கேட்பதே தப்பு, அதுவும் பெண்களிடம். மூன்று இலக்கத்தில் யார் வீட்டையும் கண்டுபிடிக்க முடியாது. மீட்டப் திட்டம் போட அது தாராளம். "லைவ் லொகேஷன் போடுங்க" என்று முதல் நாளே கேட்கிற அட்மின் இருந்தால் குழுவை விட்டு வெளியே வந்துவிடலாம்.

பெரிய ஊர்ப் பெயருக்குள் ஒளிந்திருப்பவர்களையும் கவனிக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியும் சென்னைதான், மறைமலை நகரும் சென்னைதான், கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். "பாண்டிச்சேரி" என்றவர் காரைக்காலில் இருக்கலாம். அவருக்குப் புதுச்சேரியைவிட மயிலாடுதுறை பக்கம். வால்பாறை கோவை மாவட்டம்தான், ஆனால் பொள்ளாச்சிக்கு இறங்கவே 40 கொண்டை ஊசி வளைவு. கோவையில் சாயங்காலம் நான்கு மணிக்கு மீட்டப் வைத்தால் உள்ளூர்க்காரர் என்ற கணக்கில் இருக்கும் வால்பாறைக்காரர்தான் ராத்திரி தங்க ரூம் தேடுவார். ஓசூர்க்காரரைத் தமிழ்நாட்டுக் கணக்கில் வைக்காமல் பெங்களூர்க் கோஷ்டியோடு சேர்த்துவிடுங்கள், 40 கிலோமீட்டர்தான். மார்த்தாண்டத்துக்காரருக்கு திருநெல்வேலியைவிட திருவனந்தபுரம் பக்கம்.

ட்விட்டர் ஸ்பேஸ் என்ற குரல் அரட்டையில் குரலைக் கேட்டு ஊரைக் கணிக்கும் மேதைகள் தனி ரகம். "ஏனுங்க" என்றால் கோயமுத்தூர் என்று முடிவே கட்டிவிடுவார்கள். நாமக்கல்லும் கரூரும் தாராபுரமும் எங்கே போவது? நாகர்கோவில் பேச்சைக் கேட்டு "நீங்க இலங்கையா?" என்பவர்கள் இன்னும் குறையவில்லை. அரட்டைக்கு அது சரி, பஸ் டிக்கெட்டுக்கு ஆகாது.

சரி, எங்கே வைப்பது? எந்தக் குழுவாக இருந்தாலும் கடைசியில் "திருச்சி, அதான் நடு" என்று முடியும். சென்னையிலிருந்து சுமார் 330 கிலோமீட்டர், நாகர்கோவிலிலிருந்து சுமார் 380, கோவையிலிருந்து 200-க்கு மேல். மேப்பில் நடுதான். ஆனால் மீட்டப்பை உடைப்பது வருகிற வழியல்ல, திரும்புகிற வழி. ஞாயிறு ராத்திரி சென்னைப் பக்கம் போகும் எந்த வண்டியிலும் இடம் இருக்காது. 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அப்படியென்றால் தேதியை அதற்கும் பத்து நாள் முன்பே முடிவு செய்துவிட்டு, திறந்த அன்று காலையிலேயே திரும்பும் டிக்கெட்டை முதலில் போட வேண்டும். தட்கலை நம்பி இருந்தால், ஞாயிறு கிளம்பும் வண்டிக்கு அது திறப்பது சனிக்கிழமை காலை, ஏசிக்குப் பத்து மணி, மற்றதுக்குப் பதினொன்று. அந்த நேரத்தில் முக்கால்வாசிப் பேர் சிக்னல் இல்லாத ஏதோ ஒரு பஸ்ஸில் இருப்பார்கள்.

தேதிக் குழப்பம் இங்கேயும் உண்டு. தெற்கே சாயங்காலம் கிளம்பும் வண்டி திருச்சிக்கு நள்ளிரவு தாண்டி 12.30-க்கு வந்தால், நாம் ஞாயிறு ராத்திரி என்று நினைப்பது டிக்கெட்டில் திங்கட்கிழமை. ஞாயிறு என்று போட்டவர் ஸ்டேஷனுக்குப் போகும்போது அவர் வண்டி முந்தின நாளே போயிருக்கும். தட்கல் கணக்கோ வண்டி புறப்படும் ஊரின் தேதிப்படி.

"பஸ் ஸ்டாண்ட்ல இறங்கிருங்க, கூட்டிட்டுப் போறோம்" என்ற வாக்கியத்தைத் தடை செய்ய வேண்டும். மதுரையில் கோவை, தேனிப் பக்கத்து பஸ் ஆரப்பாளையம் வரும். சென்னை, நெல்லை பஸ் மாட்டுத்தாவணி. இரண்டும் ஊரின் இரண்டு பக்கம். கோவையில் மதுரை, திருச்சி பஸ் சிங்காநல்லூர். பொள்ளாச்சி பஸ் உக்கடம். திருச்சியில் 2025-லிருந்து வெளியூர் பஸ்கள் மதுரை ரோட்டில் பஞ்சப்பூருக்குப் போய்விட்டன. ஜங்ஷன் பக்கம் நடந்து போகும் தூரத்தில் ஹோட்டல் என்ற பழைய கணக்கு இப்போது ரயிலில் வருபவருக்கு மட்டும்தான். திரும்பும்போது சென்னைக்காரர்களை பஸ் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும், அங்கிருந்து கோயம்பேடு இன்னும் 30 கிலோமீட்டர். விடிகாலை மூன்று மணிக்கு ஆட்டோக்காரர் கேட்கும் தொகையையும் செலவில் சேருங்கள்.

இலங்கை நண்பர் இருந்தால் "யாழ்ப்பாணம்தானே" என்று நாமாக முடிவு செய்ய வேண்டாம். யாழ்ப்பாணத்தவருக்குப் பலாலியிலிருந்து விமானம் இருக்கிறது. மட்டக்களப்பிலோ ஹட்டனிலோ இருப்பவர் கொழும்பு போய்த்தான் ஏற வேண்டும், அங்கிருந்து சென்னை, திருச்சி, மதுரைக்கு விமானம் உண்டு. வளைகுடா ஆட்களிடம் வார விடுமுறையைக் கேளுங்கள்: சவுதி, குவைத், கத்தாரில் வெள்ளியும் சனியும், அமீரகத்தில் 2022-லிருந்து சனியும் ஞாயிறும். வாட்சப் காலில் பேசி முடிவெடுப்பதானால் இங்கே எட்டு மணி என்பது சிங்கப்பூரில் பத்தரை.

ஷீட்டை நிரப்பிப் பார்த்து, 600-ல் ஆரம்பிப்பவர்கள் ஒரு கும்பலாகவும் 627, 628, 629 ஒரு கும்பலாகவும் நின்றால், எல்லோரையும் திருச்சிக்கு இழுக்காதீர்கள். சென்னையில் ஒன்று, நெல்லையில் ஒன்று என்று இரண்டாக வையுங்கள். நடுவில் தனியாக மாட்டிய நாலு பேரிடம் எந்தப் பக்கம் வசதி என்று கேட்டு, அவர்கள் பஸ் காசைக் குழு ஏற்றுக்கொள்ளட்டும்.