மெடிலை விட்டுவிட்டு என்ன பட்டியல்?

நேற்றைய பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டில் கேட்டே ஆக வேண்டிய ஐந்து ஆல்பங்களாம், அதில் அவர்களுடைய 1971 ஆல்பம் மெடில் இல்லை. ஏன் என்று கேட்டால், "அது டார்க் சைடுக்கு ஒத்திகைதானே, விடுங்க" என்று ஒரு வரி, பின்னால் வந்த புகழ்பெற்ற 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' ஆல்பத்தைச் சொல்கிறார்கள். அந்த 'விடுங்க' ராத்திரி முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒத்திகை இல்லைங்க. 1968இல், அதுவரை பாட்டெழுதிப் பாடி குழுவை நடத்திய சிட் பாரெட் விலகிய பிறகு மற்ற நாலு பேரும் திசை தெரியாமல் தடுமாறினார்கள். 1971இல் ஸ்டுடியோவுக்குப் போகும்போதும் கையில் பாட்டு இல்லை. துண்டு துண்டாக எதையெதையோ பதிந்து, அவற்றுக்கு 'ஒன்றுமில்லை' என்றே பெயர் வைத்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் எக்கோஸ் என்ற பாட்டு, மெடில் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க, 23 நிமிடத்துக்கும் மேலே. பிங்க் ஃபிளாய்ட் தன் குரலைக் கண்டுபிடித்தது அங்கேதான்.

கல்லூரி விடுதியில் கரண்ட் போன ஒரு ராத்திரி, சீனியர் ஒருவர் வாக்மேன் இயர்போனின் ஒரு பக்கத்தை என் காதில் வைத்தார். 'டிங்' என்று ஒரே ஒரு ஒலி, கிணற்றில் சொட்டு விழுந்த மாதிரி. அப்புறம் அமைதி. டேப் சிக்கிவிட்டது என்று நிறுத்தப் போனேன், கையைப் பிடித்து "பொறுடா" என்றார். எக்கோஸின் தொடக்கத்தில் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் ரைட் பியானோவில் தொட்ட ஒற்றைச் சுரம் அது, சுழலும் ஒலிபெருக்கி வழியாக வந்தது. இன்றைக்குக் கேட்டாலும் மயிர்க்கூச்செறிகிறது.

மெடிலின் முதல் பக்கத்தில் நாய் ஊளையிடுகிறதே என்பீர்கள். சரி, அந்தப் பாட்டு சுமார்தான். டார்க் சைடு அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் தரவரிசையில் 741 வாரத்துக்கும் மேலே இருந்ததே என்பீர்கள். இருக்கட்டும், எனக்கும் அது உயிர்தான், ஆனால் மெடில் இல்லாமல் அது எங்கிருந்து வந்திருக்கும்? இத்தனை நேரம் யார் உட்கார்ந்து கேட்பது என்பவர்களுக்குப் பதில் சொல்லவே எனக்குப் பிடிக்கவில்லை.

பட்டியல் போட்டவரே, உண்மையில் வலிப்பது வேறு. உங்கள் பட்டியலில் தி வால் இருக்கிறது. அதைப் பதிவு செய்த காலத்தில்தான் ரைட்டைக் குழுவிலிருந்து வெளியேற்றினார்கள், பிறகு அதே ஆல்பத்தின் மேடைகளில் அவர் சம்பளத்துக்கு வாசித்தார். 2006இல் போலந்தின் க்டான்ஸ்க் கப்பல் தளத்தில் அவரும் குழுவின் கிட்டார் கலைஞர் கில்மரும் எக்கோஸ் பாடிய காணொளி இருக்கிறது, பாருங்கள். நரைத்த தலையோடு இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள், நடுவில் கிட்டாரும் கீபோர்டும் மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன. 2008இல் ரைட் போய்விட்டார். ஐந்து இடத்தில் ஒன்றை அந்த மனிதனின் 'டிங்'குக்குக் கொடுக்க உங்களுக்கு மனசு வரவில்லையா?