மேசைக்கு வரும் கார்டு மெஷின் பர்ஸிலிருந்து பணம் உருவுமா?

'ஓட்டலில் பில்லுக்காக மேசைக்குக் கொண்டுவரும் கார்டு மெஷின் அருகில் வந்தாலே பர்ஸிலுள்ள கார்டிலிருந்து பணத்தை உருவிவிடும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

ஊழியர் தொகையை அடித்த பிறகுதான் மெஷின் கார்டைத் தேடும். கொஞ்ச நேரத்தில் கிடைக்காவிட்டால் பரிவர்த்தனையே ரத்தாகிவிடும். அதன் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலை எட்டுவதோ நாலைந்து சென்டிமீட்டர். பர்ஸில் மெஷினில் தட்டியே பணம் செலுத்தும் ('டேப்') கார்டுகள் இரண்டு ஒட்டிக் கிடந்தால், எதை எடுப்பதென்று குழம்பி பெரும்பாலும் மறுத்துவிடும். தட்டும் ஒவ்வொரு முறையும் சிப் புதுக் குறியீடு தருவதால், ஒட்டுக்கேட்டவர் அதையே மறுபடி ஓட்ட முடியாது.

கவனிக்க வேண்டியது வேறு. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் கார்டைத் தட்டினால் 5,000 ரூபாய் வரை PIN என்ற ரகசிய எண் இல்லாமலே போகும். 450 என்பது 4,500 ஆக அடிபட்டாலும் மெஷின் கேள்வி கேட்காது. தட்டுமுன் திரையைப் பாருங்கள். இந்த வசதியே வேண்டாமென்றால் வங்கி ஆப்பில் 'கான்டாக்ட்லெஸ்' அணைத்துவிடலாம்.