மனம்விட்டுப் பேசுவது மட்டும் சிகிச்சை ஆகாது

"யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசு, சரியாயிடும்." மனச்சோர்வில் இருப்பவரிடம் எல்லோரும் சொல்வது இதுதான். அதை நம்பிப் போய், மாதக்கணக்கில் பேசியும் எதுவும் மாறாமல், "தெரபியெல்லாம் எனக்கு ஒத்துவராது" என்று முடிவுகட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. அவர்களில் பலருக்குக் கிடைத்தது தெரபியே அல்ல. காதுகொடுத்துக் கேட்க ஒரு நல்ல மனிதர் கிடைத்தார், அவ்வளவுதான். அதுவும் தேவைதான், ஆனால் மனச்சோர்வு என்கிற நோய்க்கு அது போதாது.

முறையான பேச்சு சிகிச்சைக்குத் திட்டம் உண்டு. வாரம் ஒரு செஷன், 45 முதல் 50 நிமிடம், பொதுவாக 12 முதல் 20 செஷன். எதை மாற்றப் போகிறோம் என்பது முதல் இரண்டு மூன்று செஷனிலேயே பேசி முடிவாகியிருக்க வேண்டும். அதனால் தெரபிஸ்டைத் தேர்ந்தெடுக்கும்போது தயங்காமல் கேளுங்கள்: என்ன படித்திருக்கிறீர்கள், மனச்சோர்வுக்கு எந்த முறையில் சிகிச்சை தருகிறீர்கள், முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள், எத்தனை வாரத்தில் மறுபரிசீலனை செய்வோம், நான் சொல்வதை எந்தச் சூழ்நிலையில் வெளியே சொல்வீர்கள். நல்ல தெரபிஸ்ட் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். "எல்லாம் போகப்போகப் பார்த்துக்கலாம்" என்பது மட்டுமே பதிலாக வந்தால் வேறொருவரைப் பாருங்கள்.

தெரபிக்கு முன்னால் ஒரு டாக்டரையும் பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் மனச்சோர்வு மாதிரியே அசதியும் பிடிப்பின்மையும் வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இன்னொன்று முக்கியம். வாழ்க்கையில் எப்போதாவது சில நாட்கள் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கண்டபடி செலவழித்துத் திரிந்ததுண்டா? இருந்தால் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அது அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோயாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு.

அளப்பது என்றேனே, அதற்கு பிஹெச்க்யூ-9 என்ற 9 கேள்விப் படிவம் உண்டு. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டிய நிலை, 20-ஓ அதற்கு மேலோ வந்தால் கடுமையான நிலை. நோய் இன்னதென்று முடிவு செய்வது படிவத்தின் வேலை இல்லை, ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பினால் போக்கு தெரியும். மனச்சோர்வில் இருக்கும் மனம் "எதுவுமே மாறல" என்றுதான் சொல்லும். 19 என்று இருந்தது 13 ஆகியிருந்தால் அதைத் தாளில்தான் பார்க்க முடியும்.

பேச்சு சிகிச்சைகளில், 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஏரன் பெக் உருவாக்கிய, எண்ணத்தையும் செயலையும் மாற்றப் பழக்கும் சிபிடி முறையைத்தான் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எண்ணங்களைப் பிடித்துச் சோதிப்பது அதன் ஒரு பாதி. நண்பர் மெசேஜுக்குப் பதில் போடவில்லை, உடனே "என்னை யாருக்கும் பிடிக்கல" என்று மனம் தீர்ப்பு எழுதுகிறது. அதை எழுதி வைத்து, அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன, வேறு காரணம் இருக்குமா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். இதை "பாசிட்டிவா நினை" என்று சொல்லிக்கொடுப்பதாகப் பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஆதாரம் இருந்தால் அந்தப் பிரச்சினையை நேராகத் தீர்க்கப் பார்ப்பதும் இதே முறைதான்.

மற்ற பாதி, செயலைத் தூண்டுவது. என்னைக் கேட்டால் முதலில் தொடங்க வேண்டியது இதுதான். 1996-இல் உளவியலாளர் நீல் ஜேக்கப்சன் குழு வெளியிட்ட ஆய்வில், முழு சிபிடி பெற்றவர்களுக்கும் இந்தப் பகுதியை மட்டும் பெற்றவர்களுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மனச்சோர்வு வந்தால் வேலைகளை விடுகிறோம், விட விட மகிழ்ச்சி தரும் எதுவும் நாளில் மிஞ்சாமல் போகிறது, சோர்வு இன்னும் கூடுகிறது. "மனசு சரியானதும் செய்யலாம்" என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. செய்யத் தொடங்கிய பிறகுதான் மனசு பின்னால் வரும்.

செய்முறை இப்படி. ஒரு வாரம் மணிவாரியாக என்ன செய்தீர்கள் என்று எழுதி, பக்கத்தில் 0 முதல் 10 வரை மனநிலைக்கு மதிப்பெண் போடுங்கள். படுக்கையில் போனைத் தள்ளிக்கொண்டே இருந்த இரண்டு மணி நேரத்துக்கு 2, மாடிக்குப் போய்த் துணி காயப்போட்ட பத்து நிமிடத்துக்கு 4 என்று வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். அடுத்த வாரம் அந்த 4-களை நாள், நேரம் குறித்துத் திட்டத்தில் போட வேண்டும். சொதப்புவது எங்கே என்றால் அளவில்தான். "தினமும் ஒரு மணி நேரம் நடப்பேன்" என்று எழுதிவிட்டு, மூன்றாம் நாள் முடியாமல் போனதும் "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்ற பழைய எண்ணத்துக்கே தீனி போட்டுவிடுவோம். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை, ஐந்து நிமிடம். அதுவும் முடியாவிட்டால் வாசல் வரை. முடியாமல் போன நாளையும் எழுதுங்கள், எது தடுத்தது என்பது அடுத்த செஷனுக்கு வேண்டும்.

இப்படி தெரபிஸ்ட் கொடுக்கும் வீட்டுப்பாடத்தைச் செய்யவில்லை என்பதற்காக செஷனையே தவிர்க்காதீர்கள். அதை அப்படியே போய்ச் சொல்வதும் சிகிச்சைதான். தெரபிஸ்ட் சொன்னது புண்படுத்தினால் அதையும் சொல்லுங்கள். ஆறு செஷன் தாண்டியும் பிஹெச்க்யூ-9 மதிப்பெண் அசையவில்லை என்றால் நீங்களே பேச்சை எடுங்கள்: முறையை மாற்றலாமா, மனநல மருத்துவரைச் சேர்த்துக்கொள்ளலாமா? கடுமையான நிலையில் தெரபியும் மருந்தும் சேர்ந்து போவது நல்லது. மாத்திரை பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், பக்கவிளைவு அதற்கு முன்பே வந்துவிடும். முதல் வாரத்திலேயே பலர் நிறுத்திவிடுவது அதனால்தான். நிறுத்துவதையும் அளவைக் குறைப்பதையும் மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள்.

திட்டுகிற, மதபோதனை செய்கிற, "உங்களைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர்" என்று ஒப்பிடுகிற தெரபிஸ்டிடம் ஆறு செஷன் காத்திருக்க வேண்டியதில்லை. செஷனுக்கு வெளியே தனிப்பட்ட உறவுக்கு அழைத்தால் அன்றோடு நிறுத்திவிட்டுப் புகார் கொடுங்கள்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த செஷன் வரை தள்ளிப்போடக் கூடாது. எப்படி, எப்போது என்று மனம் திட்டம் போடத் தொடங்கியிருந்தால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும், போகும்வரை ஒருவர் கூடவே இருக்க வேண்டும், மாத்திரையோ மருந்தோ கைக்கெட்டாமல் எடுத்துவைக்க வேண்டும். கூட இருப்பவர்களே, "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வாய்விட்டுச் சொல்ல வழி கிடைக்கிறது.

கொஞ்சம் தேறியதும் நின்றுவிடாதீர்கள். மனச்சோர்வு திரும்பி வரக்கூடியது, அதற்கான தயாரிப்பு கடைசி செஷன்களில்தான் நடக்கும். இடைவெளியை இரண்டு வாரம், பிறகு ஒரு மாதம் என்று கூட்டிக்கொண்டே போகச் சொல்லிக் கேளுங்கள். போனை எடுக்காமல் விடுவது, குளிப்பதைத் தள்ளிப்போடுவது, விடியற்காலை நாலு மணிக்கே விழிப்பு வருவது என்று உங்களுக்கு முதலில் தலைகாட்டிய அறிகுறிகளை ஒரு தாளில் எழுதுங்கள். அதில் இரண்டு சேர்ந்து ஒரு வாரம் நீடித்தால் யாருக்கு போன் செய்வது என்பதையும் கீழே எழுதி, ஒரு பிரதியை உங்களோடு வசிப்பவரிடம் கொடுத்துவையுங்கள். பல நேரம் அவர்தான் முதலில் கவனிப்பார்.