இர்விங்டனில் நிற்காத ரயில்

போன வாரம் சென்னையிலிருந்து வந்திருந்த மனைவியின் தம்பியை வார்ம் ஸ்பிரிங்ஸிலிருந்து பார்ட் ரயிலில், அதாவது இந்த சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் நகர ரயிலில், அழைத்துக்கொண்டு போனேன். நடுவில் உள்ள இர்விங்டனைத் தாண்டி ஃப்ரீமாண்ட் நிலையம் வரும்வரை ரயில் எங்கும் நிற்கவில்லை. "இடையில் இவ்வளவு வீடுகள் இருக்கின்றனவே அத்தான், ஒரு ஸ்டேஷன் கட்டக் கூடாதா?" என்று கேட்டான். பணம் கொடுப்பதாக இருந்த அமைப்பை மாநில அரசு மூடிவிட்டது என்றேன். "அரசாங்கமே அரசாங்கத்தை மூடுமா?" என்றான். அவனுக்கு அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், படித்துக்கொள்ளட்டும்.

மூடப்பட்டவை கலிஃபோர்னியாவின் மறுமேம்பாட்டு முகமைகள், அதாவது நலிந்த பகுதிகளைப் புதுப்பிக்க நகரங்கள் வைத்திருந்த அமைப்புகள். 2011-இல் சுமார் 400 இருந்தன. இவற்றுக்கான சட்டம் 1945-இல் வந்தது. நகரம் ஒரு பகுதியைச் சீரழிந்த பகுதி என்று அறிவிக்கும். அன்றைக்கு அங்கே என்ன சொத்து வரி வருகிறதோ, அந்தத் தொகை மட்டும் பள்ளி, கவுண்டி, நகரம் என்று வழக்கம்போலப் பிரிந்து போகும். அதற்கு மேல் ஆண்டுதோறும் ஏறும் வரியில் பெரும்பகுதி முகமைக்கு. அந்த வரவை நம்பி முகமை கடன் பத்திரம் வெளியிடலாம், வாக்காளரிடம் கேட்க வேண்டியதில்லை. முகமையின் இயக்குநர்கள் யார் என்றால், பெரும்பாலான ஊர்களில் நகர மன்ற உறுப்பினர்களேதான். மன்றக் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே முகமைக் கூட்டத்தைத் தொடங்குவார்கள்.

நகரங்கள் இதைப் பிடித்துக்கொண்டு தொங்கியதற்குக் காரணம் இருந்தது. 1978-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய புரொபொசிஷன் 13 என்ற சட்டம் சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்குள் கட்டிப்போட்டது. வீடு கைமாறாதவரை மதிப்பும் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறாது. மற்றக் குழாய்கள் வற்றிய பிறகு இந்த ஒரு குழாயில்தான் தண்ணீர் வந்தது. மாநிலம் முழுவதும் வசூலாகும் சொத்து வரியில் ஏறக்குறைய 12 சதவீதம், ஆண்டுக்கு 500 கோடி டாலர் அளவுக்கு முகமைகளிடம் போய்க்கொண்டிருந்தது. பள்ளிகளுக்கு அதனால் விழுந்த பள்ளத்தை, பள்ளிகளுக்குக் குறைந்தபட்ச நிதியை உறுதி செய்த 1988-இன் புரொபொசிஷன் 98 காரணமாக, பெருமளவு மாநிலக் கருவூலம்தான் நிரப்ப வேண்டியிருந்தது.

அந்தப் பணம் எங்கே போயிற்று என்பதற்கு 2011-இல் மாநிலக் கணக்குத் தணிக்கையில் வந்த இரண்டு செய்திகள் போதும். கொரனாடோ என்ற கடற்கரை ஊர், தனியாருக்குச் சொந்தமான ஒரு மனையையும் விடாமல் முழு ஊரையும் மறுமேம்பாட்டுப் பகுதிக்குள் கொண்டுவந்திருந்தது. பல மில்லியன் டாலர் மதிப்புள்ள கடலோர மாளிகைகளும் அதில் அடக்கம். பாம் டெசர்ட் நகரம் சொகுசு கோல்ஃப் மைதானத்தைப் புதுப்பிக்க ஏறக்குறைய 1.7 கோடி டாலர் ஒதுக்கியிருந்தது. சீரழிவு என்ற சொல்லுக்கு அகராதியில் இல்லாத பொருளையெல்லாம் கண்டுபிடித்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் பகுதியில் அரை நூற்றாண்டுக்கு முன் இதே சொல்லைச் சொல்லித்தான் கறுப்பின மக்களின் வீடுகளையும் கடைகளையும் இடித்துத் தள்ளினார்கள். அதை நினைத்தால் கோல்ஃப் மைதானம் வெறும் வேடிக்கைதான்.

எங்கள் ஃப்ரீமாண்ட் அந்த ரகம் இல்லை. 1956-இல் ஐந்து சிற்றூர்கள் சேர்ந்து உருவான நகரம் இது. சாப்ளின் ஊமைப்படங்களில் நடித்த நைல்ஸில் ரயில் பாதையை ஒட்டி இருக்கும் சதுக்கம் மறுமேம்பாட்டுப் பணத்தில் வந்தது. இர்விங்டன் நிலையத்தையும் அந்தப் பணத்தில்தான் கட்டுவதாக இருந்தார்கள். வாஷிங்டன் பூல்வர்டும் ஆஸ்குட் சாலையும் சந்திக்கும் இடத்தில், 1906 பூகம்பத்தில் சிதைந்த பழைய ஒயின் ஆலையின் கற்சுவர்களுக்குப் பக்கத்தில் அதற்கு இடம்கூடக் குறித்தாகிவிட்டது.

2011 ஜனவரியில் ஜெர்ரி பிரவுன் ஆளுநரானார். பட்ஜெட்டில் 2,500 கோடி டாலர் துண்டு. முகமைகளை ஒழிப்போம் என்றார். இதே பிரவுன் ஓக்லாந்து மேயராக இருந்தபோது, நகர மையத்தில் பத்தாயிரம் பேரைக் குடியேற்றும் திட்டத்துக்கு மறுமேம்பாட்டைத்தான் நம்பியிருந்தார். குழாய் எங்கே திறக்கிறது என்று தெரிந்தவருக்கு எங்கே அடைக்க வேண்டும் என்றும் தெரிந்திருந்தது.

நகரங்கள் அதற்கு என்ன செய்தன என்பதில்தான் எனக்கு வருத்தம். ஒரு நகரமாவது எழுந்து நின்று, "கோல்ஃப் மைதானத்தை வெட்டுங்கள், ரயில் நிலையத்தையும் ஏழைகளின் வீடுகளையும் விடுங்கள்" என்று உரக்கச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக மாநிலம் முழுவதும் அவசர அவசரமாகக் கூட்டம் போட்டு, கதவு சாத்துவதற்குள் பணத்தை ஒப்பந்தங்களில் கட்டிப்போடப் பார்த்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் மன்றம் அந்த ஜனவரியிலேயே 90 கோடி டாலருக்கும் அதிகமான திட்டங்களை முகமையிடமிருந்து நகரத்தின் பெயருக்கு மாற்றத் தீர்மானித்தது. வீடு பற்றி எரியும்போது பீரோவை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவதுபோல் இருந்தது.

ஜூன் மாதம் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று முகமைகளை ஒழித்தது. மற்றொன்று, முதல் ஆண்டு 170 கோடி டாலரும் பிறகு ஆண்டுதோறும் 40 கோடி டாலரும் எல்லாருமாகச் சேர்ந்து கொடுத்தால் பிழைத்திருக்கலாம் என்றது. நகரங்கள் மாநில உச்ச நீதிமன்றம் போயின. எங்கள் இரு பக்கத்து ஊர்களான சான் ஹோசேவும் யூனியன் சிட்டியும் மனுதாரர்கள். மறுமேம்பாட்டுப் பணத்தில் மாநிலம் கை வைக்கக் கூடாது என்ற புரொபொசிஷன் 22-ஐ 2010 நவம்பரில் வாக்காளர்களிடம் கொண்டுபோய் வென்றதும் நகரங்கள்தான். நானும் அதற்கு வாக்களித்தேன். 2011 டிசம்பர் 29 அன்று தீர்ப்பு. முகமைகளை உண்டாக்கிய மாநிலம் அவற்றை ஒழிக்கலாம், முதல் சட்டம் செல்லும். ஆனால் பணம் கொடுத்துப் பிழைக்கும் இரண்டாவது சட்டம் அதே புரொபொசிஷன் 22-க்கு விரோதம், செல்லாது. ஆப்பசைத்த குரங்கின் கதை வேறென்ன? பிழைக்க இருந்த ஒரே வழியைத் தங்கள் கையாலேயே அடைத்துக்கொண்டார்கள்.

எங்கள் மேயர் பாப் வாஸர்மன் இறந்ததும் அதே டிசம்பர் 29-இல்தான். அந்த ஒரு நாளில் ஊர் இரண்டு செய்திகளைக் கேட்டது.

2012 பிப்ரவரி 1 அன்று முகமைகள் கணக்கை மூடின. அப்பா வாங்கிய கடனை அடைக்கும் மூத்த மகன்போல நகரங்கள் வாரிசு முகமைகளாயின. எந்தக் கடனை அடைக்கலாம் என்று பட்டியல் எழுதி மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவின் ஒப்புதலுக்குக் காத்திருப்பது அவற்றின் வேலை. லாஸ் ஏஞ்சல்ஸ் கொள்ளி வைக்கவே மறுத்துவிட்டது. ஆளுநர் மூன்று பேரை நியமித்து அந்தக் காரியத்தைச் செய்ய வேண்டியிருந்தது. முகமைகளின் வரவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைந்த வாடகை வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதியும் இதோடு போயிற்று. பிரவுனை நான் இன்றுவரை மன்னிக்காதது இந்த ஒன்றுக்காகத்தான். நம் விரிகுடாப் பகுதியில் வாடகை கொடுத்துத் திணறுகிற யாரைக் கேட்டாலும் ஏன் என்று சொல்வார்கள்.

மற்றபடி, மூடியது சரி என்றே இப்போது நினைக்கிறேன். 2011-இல் இதைச் சொன்ன நண்பரோடு இரண்டு மாதம் பேசாமல் இருந்தவன் நான்.

மனம் மாறியது அந்த நிலையத்தால்தான். முகமை போனதும் பணத்துக்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று. ஃப்ரீமாண்ட் இருக்கும் அலமேடா கவுண்டியில் போக்குவரத்துக்காக விற்பனை வரியை டாலருக்கு அரை சென்ட் உயர்த்தலாமா என்று மக்களிடமே கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 2012-இல் சுமார் 700 வாக்குகளில் தோற்றது. 2014-இல் மெஷர் பிபி என்ற பெயரில் மறுபடி வந்தது, 70 சதவீதம் தாண்டி வென்றது. அதில் இர்விங்டனுக்கு 12 கோடி டாலர். அந்த இரண்டு ஆண்டுகளில் இந்த நிலையம் யாருக்கு, எதற்கு என்று எங்கள் தெருவில்கூடப் பேசினார்கள். முகமை இருந்த காலத்தில் அந்தப் பேச்சை நான் கேட்டதே இல்லை.

ஆனால் யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். முன்பு நிலத்தின் மதிப்பு ஏறியதிலிருந்து எடுத்த பணம் இப்போது கடையில் செருப்பு வாங்குகிறவரிடமிருந்து வருகிறது, 2045 வரை. பெரிய வீட்டில் இருப்பவருக்கும் அவுட்ஹவுஸில் வாடகைக்கு இருப்பவருக்கும் அதே வரி. நண்பரிடம் இதைச் சொன்னால், "அதற்கு நீ புரொபொசிஷன் 13-ஐ அல்லவா கேட்க வேண்டும்?" என்கிறார். எங்கள் வீட்டின் வரியும் அந்தப் புண்ணியத்தில்தான் ஏறாமல் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

வார்ம் ஸ்பிரிங்ஸ் நிலையம் 2017-இல் திறந்தாகிவிட்டது. 2020-இல் ரயில் சான் ஹோசேவின் பெர்ரியெஸா வரை போய்விட்டது. மைத்துனன் திரும்பிப் போகும் நாளில் ஆஸ்குட் சாலை வழியாகக் காரில் போனோம். ஒயின் ஆலைச் சுவர்களைக் காட்டி, இங்கேதான் என்றேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த முறை வரும்போது இறங்கலாமா என்று மட்டும் கேட்டான்.