மண்டையோட்டைத் தொட்டுப் பார்த்த பிறகே தூரிகை

எலும்புக்கூட்டு ஒப்பனைக்குத் திகில் படங்களின் காட்சிகளே போதுமான மாதிரி என்று ஒப்பனை பற்றிய ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அக்காட்சிகளில் நாம் காண்பது ஒரு குறிப்பிட்ட நடிகரின் முகத்துக்கென்றே அளவெடுத்துச் செய்த ஒப்பனை. அதிலும் பாதியை விளக்கொளி மறைத்துவிடும். கலைத் திட்டம் ஒன்றுக்காக அப்படியொரு படத்தைப் பார்த்துத் தோழியின் கன்னத்தில் கருமை தீட்டினேன். அவள் வாயைத் திறந்ததும் அந்த நிழல் எலும்போடு ஒட்டாமல் வெறும் அழுக்குத் தீற்றலாக நின்றது. பிறகு மண்டையோட்டு மாதிரி ஒன்றை மேசைமேல் வைத்து நாள்கணக்கில் வரைந்தேன். அதன் 22 எலும்புகளில் கீழ்த்தாடை மட்டுமே தாராளமாக அசையும் என்பதும், மூக்கின் முன்பகுதி குருத்தெலும்பு என்பதால் அங்கே திறப்பு மட்டும் எஞ்சுகிறது என்பதும், நாம் வழக்கமாக வட்டமாக வரையும் கண்குழி உண்மையில் முனை மழுங்கிய சதுரம்போல வெளிப்புறம் சரிந்திருக்கும் என்பதும் அப்போதுதான் பிடிபட்டன. 1925இல் வெளியான 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா' என்ற ஊமைப் படத்துக்காகத் தன் முகத்தைத் தானே மண்டையோடாக்கிக்கொண்ட அமெரிக்க நடிகர் லான் சேனி, மூக்கின் நுனியை மேலே இழுத்து நாசித் துளைகளை அகலக் காட்டியதும் இந்த உடற்கூற்றோடு ஒத்துப்போகிறது. இப்போதெல்லாம் எதிரில் இருப்பவரின் கன்ன எலும்பை விரலால் தடவி, அதன் கீழ்விளிம்பு முடியும் இடத்தில்தான் நிழலைத் தொடங்குகிறேன். திரவ லேடெக்ஸை (உலர்ந்தால் ரப்பர் படலமாகும் ஒப்பனைத் திரவம்) நேரடியாக முகத்தில் பூசலாம் என்று அக்கட்டுரையின் கீழ் கருத்திட்ட நண்பருக்கு ஒன்று: லேடெக்ஸ் ஒவ்வாமை சிலருக்குக் கடுமையாக வரும், ஆகவே அந்த ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேட்டறிந்து, இல்லையென்றாலும் முந்தின நாளே முன்கையில் சிறிது தடவிப் பார்த்துவிடுங்கள்.