பத்துக்கு எத்தனை என்று என்னிடம் கேட்காதீர்கள்

முந்தாநாள் முகநூலில் நான் போட்ட ஸ்க்ரீன்ஷாட்டின் கீழே, ஒரு ஆன்லைன் கடைக்கு நான் பத்துக்கு இரண்டு போட்டது சரியா என்று நடக்கும் பஞ்சாயத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். முழுக் கதையையும் மறுபடி சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வந்தது, கையில் சுற்றும் பட்டை வரவில்லை. அது எங்கே என்று கேட்டதற்கு "உங்கள் ஆர்டர் வெற்றிகரமாக டெலிவரி செய்யப்பட்டது" என்று தானாகப் பதில் சொல்லும் சாட்பாட் பூங்கொத்துப் படத்தோடு வாழ்த்தியது. நான் அடுத்த வரியைத் தட்டுவதற்குள் புகார் டிக்கெட்டை மூடிவிட்டார்கள். மூடிய சூட்டோடு ஒரு படிவம்: எங்களை உங்கள் நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள். இரண்டு என்று போட்டேன். கொஞ்ச நேரத்தில் போன். பட்டை எங்கே என்று கேட்டபோது பேச ஆளே இல்லாத நிறுவனத்தில், இரண்டு போட்டதும் ஒரு மனிதக் குரல் முளைத்துவிட்டது. "மேடம், அதைப் பத்தாக மாற்றித் தர முடியுமா?"

பட்டையைப் பற்றி அந்தக் குரலுக்கு ஒன்றும் தெரியாது. அது வேறு டிபார்ட்மெண்டாம்.

நான் அன்றைக்குச் சொன்னதும் இன்றைக்குச் சொல்வதும் ஒன்றுதான்: என் கேள்விக்குப் பதில் சொல்லாதவர்களுக்கு என்னிடம் கேள்வி கேட்க உரிமை இல்லை. முதலில் கேட்டது நான். காசு கொடுத்தவளும் நான். என் கேள்வி வரிசையில் நிற்கும்போது அவர்களுடைய கேள்வி மட்டும் எப்படி முந்திக்கொண்டு வருகிறது?

"ஒரு எண்ணைத் தட்டுவதில் என்ன குறைந்துவிடப் போகிறது அக்கா" என்று கேட்டவர்களுக்காக அந்த எண்ணின் கதையைச் சொல்கிறேன். 2003 டிசம்பரில் ஃப்ரெட் ரைக்ஹெல்ட் என்ற ஆலோசகர் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் ஒரு கட்டுரை எழுதினார். வாடிக்கையாளரிடம் நீளமான கேள்வித்தாள் எதற்கு, பரிந்துரைப்பீர்களா என்ற ஒரே கேள்வி போதும் என்பது அதன் சாரம். நெட் புரமோட்டர் ஸ்கோர் என்று பெயர். 9, 10 போட்டவர் ஆதரவாளர். 7, 8 போட்டவர் எந்தப் பக்கமும் சேரமாட்டார். பூஜ்யத்திலிருந்து 6 வரை போட்ட அத்தனை பேரும் எதிர்ப்பாளர்கள். ஆதரவாளர் சதவீதத்திலிருந்து எதிர்ப்பாளர் சதவீதத்தைக் கழித்தால் வருவதுதான் நிறுவனத்தின் மார்க். அதாவது "பரவாயில்லை, நல்லாத்தான் இருந்தது" என்று நினைத்து நீங்கள் மனமார ஆறு போட்டாலும், ஆத்திரத்தில் பூஜ்யம் போட்டாலும் அவர்கள் கணக்கில் ஒன்றுதான். பத்துக்கு ஏழு வாங்கிய பிள்ளையைப் பாஸும் இல்லை ஃபெயிலும் இல்லை என்று எழுதிவைக்கும் வாத்தியாரை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

போன் பேசிய குரல் ஏன் ஏழையோ எட்டையோ கேட்கவில்லை, பத்தையே கேட்டது என்று இப்போது புரிகிறதா? எண் என்ன சொல்கிறது என்பது யாருக்கும் முக்கியமில்லை. எண் எங்கே போய் உட்காருகிறது என்பதுதான் முக்கியம். அதைக் கொண்டுவந்த ரைக்ஹெல்டே 2021-இல் அதே இதழில் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து, இந்த மதிப்பெண்ணை நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தியதில் அதன் நம்பகத்தன்மையே அடிபட்டுவிட்டது என்று வருத்தப்பட்டு எழுதினார். பெற்றவரே குறைப்பட்டுக்கொள்ளும் பிள்ளையை நான் ஏன் இடுப்பில் தூக்கிச் சுமக்க வேண்டும்?

சரி, இப்போது பெரிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன். "போனில் பேசிய அந்தப் பெண்ணின் சம்பளம் உங்கள் எண்ணில் இருக்கிறது, உங்களுக்கு இரக்கமே இல்லையா" என்று ஒரு தம்பி எழுதினார். அதற்கு நூற்றுக்கணக்கில் லைக். எனக்கு வலித்தது. இரக்கம் இருந்ததால்தான் அந்தப் பெண்ணிடம் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லாமல் போனை வைத்தேன். ஸ்க்ரீன்ஷாட்டில் பெயரை மறைத்ததும் நான்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள் தம்பி, பட்டையை வைக்காமல் பெட்டியை ஒட்டியது அந்தப் பெண்ணா? சாட்பாட்டுக்கு அந்தப் பதிலைச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பெண்ணா? கிடங்கில் நடந்த தவறுக்கு டெலிபோனில் இருப்பவரின் சம்பளத்தைப் பிடிக்கும் ஏற்பாட்டைச் செய்தது யார்? அவர்களிடம் போய் இரக்கத்தைப் பற்றிப் பேசாமல், இரண்டு போட்டவளிடம் வந்து பேசுகிறீர்கள். நிறுவனம் ஆசைப்பட்டதும் இதுதான். தனக்கு வரவேண்டிய கோபத்துக்கு முன்னால் ஒரு இருபத்து சொச்ச வயதுப் பெண்ணை நிறுத்திவிட்டால் யாருக்கும் திட்ட மனசு வராது.

இந்த வேலை எனக்குத் தெரியாத வேலை இல்லை. கல்லூரி விடுமுறைகளில் மார்க்கெட் ரிசர்ச் ஃபீல்ட் வேலைக்குப் போனவள் நான். கையில் படிவக் கட்டு, இத்தனை வயதில் இத்தனை பேர் என்று கோட்டா, கேள்வியை எழுதியிருப்பது போலவே வாசிக்க வேண்டும், முகத்தில் எதையும் காட்டக் கூடாது, பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. மறுநாள் சூப்பர்வைசர் சில வீடுகளுக்குப் போய், அந்தப் பெண் உண்மையிலேயே வந்தாளா, என்ன கேட்டாள் என்று பேக் செக் பண்ணுவார். "நல்லா இருக்குன்னு சொல்லுங்கம்மா" என்று ஒரு வீட்டில் நான் வாய் தவறிச் சொல்லியிருந்தால், அன்றைக்கு நான் எடுத்த படிவம் அத்தனையும் குப்பைக்கு. இன்று அதே வாசகத்தைச் சொல்வதற்கென்றே ஆள் வைத்துப் போன் போடுகிறார்கள். அதற்கு வாடிக்கையாளர் அனுபவம் என்று ஒரு துறை வேறு.

அந்த நாட்களில் ஒரு அம்மா என்னை உட்காரவைத்து, வாஷிங் மெஷின் மூடியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். மூட்டு வலிக்காரர். மூடியைத் திறக்கக் குனிய வேண்டியிருக்கிறது, கைப்பிடி விரலுக்கு அகப்படவில்லை, பேத்தி வரும்வரை துணி கிடக்கிறது. என் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை. "மிகவும் திருப்தி" தொடங்கி "சற்றும் திருப்தி இல்லை" வரை ஐந்து கட்டம்தான். ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதிக்கொண்டு வந்தேன். சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே அதன் மேல் ஒரு கோடு இழுத்தார். "இதெல்லாம் டேபிளில் வராதும்மா." கிளம்பும்போது அந்த அம்மா கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை: "இதை அவங்ககிட்ட சொல்லிடுவீங்கல்ல?"

ஆகவே, கருத்துக் கேட்பதே பெரிய ஜனநாயகம் என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். நிறையப் பேரிடம் கேட்டுவிட்டால் உண்மை தெரிந்துவிடும் என்பதும் பழைய மூடநம்பிக்கை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் ஏறத்தாழ 1 கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரி அச்சடித்து அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. எதிர்க்கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னார்கள். அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். அதைவிட மிகச் சிறிய சாம்பிளை வைத்திருந்த கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் சரியாகச் சொல்லிவிட்டார். டைஜஸ்டின் முகவரிகள் டெலிபோன் வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் பட்டியல்களிலிருந்து வந்தவை. வந்த சீட்டை மெனக்கெட்டு நிரப்பித் திருப்பி அனுப்பியவர்கள் அதிலும் ஒரு தனி ரகம். இன்றைய நட்சத்திரங்களும் அப்படித்தான் விழுகின்றன. ரொம்ப மகிழ்ந்தவர் போடுவார், ரொம்ப எரிந்தவர் போடுவார். போங்கடா என்று சத்தமில்லாமல் செயலியை அழித்துவிட்டுப் போனவர் எந்தக் கட்டத்திலும் இல்லை. நிறுவனம் உண்மையில் கேட்க வேண்டியது அவரிடம்தான்.

மார்க்கெட்டிங்கில் இருக்கும் என் நண்பர் ஒருவர், பெயர் சொல்லாமல் என்னைக் குத்தி ஒரு தனிப் பதிவே போட்டிருக்கிறார். படித்தேன் சார். "நுகர்வோர் சொல்வதை நாங்கள் நம்புவதில்லை, செய்வதைப் பார்க்கிறோம், டேட்டா பொய் சொல்லாது" என்கிறார். இதில் பாதி சரி. மனிதர்கள் சொல்வதும் செய்வதும் ஒன்றில்லை, படிவம் தூக்கியவளுக்கு அது தெரியும். ஒரு பொத்தானைப் பாதிப் பேருக்கு நீலத்திலும் மீதிப் பேருக்குப் பச்சையிலும் காட்டி எதை அதிகம் அமுக்குகிறார்கள் என்று பார்ப்பதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் பார்ப்பதற்கு எல்லை எங்கே? நாம் உட்கார்ந்து சண்டை போடும் இதே முகநூலில், 2012 ஜனவரியில் ஒரு வாரம், 6,89,003 பேரின் நியூஸ் ஃபீடில் சிலருக்கு மகிழ்ச்சியான பதிவுகளையும் சிலருக்குச் சோகமான பதிவுகளையும் குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று பார்த்தார்கள். 2014-இல் ஆய்வுக் கட்டுரை வந்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. உங்களைச் சோதிக்கலாமா என்று அவர்களிடம் யாரும் தனியாகக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய இடத்தில் கேட்பதில்லை, கேட்கக்கூடாத நேரத்தில் பத்துக்கு எத்தனை என்று வந்து நிற்கிறார்கள்.

டேட்டா பொய் சொல்லாதாம். அதையும் சொல்லிவிடுகிறேன், இதை எழுதுவதாக இல்லை, ஆனாலும்.

அத்தை எங்களோடு இருந்த கடைசி மாதங்களில் அவருக்கான பெரியவர் டயப்பரை ஆன்லைனில்தான் வாங்கினோம். மாதாமாதம் தானாக வரும்படி போட்டிருந்தேன். அத்தை போனபின், "மீண்டும் வாங்கும் நேரம் வந்துவிட்டது!" என்று ஆச்சரியக்குறியோடு அறிவிப்பு வந்தது. அவர் உடம்பின் கணக்கு எங்களைவிட அந்த இயந்திரத்துக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது, அவர் இல்லை என்பது மட்டும் தெரியவில்லை. நிறுத்தப் போனேன். ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேள்வி. விலை அதிகம். தரம் சரியில்லை. வேறு இடத்தில் வாங்குகிறேன். மற்றவை. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கம் திறக்காது. "மற்றவை" என்று அமுக்கினேன். "போகாதீர்கள், உங்களுக்காக ஒரு சலுகை!" என்று அடுத்த பக்கம்.

அது வெறும் மென்பொருள், அதற்கு என்ன தெரியும் என்பீர்கள். ஏன் தெரியாது? அந்தப் பக்கத்தை ஒருவர் வரைந்தார், ஒருவர் வாசகம் எழுதினார், ஒருவர் ஒப்புதல் கொடுத்தார். பெரியவர் டயப்பரை நிறுத்துகிறவருக்குப் பெரும்பாலும் என்ன காரணம் இருக்கும் என்று அந்த அறையில் ஒருவருக்குமா தோன்றவில்லை? வேண்டாம் என்று சொல்பவரைச் சுற்றவிடுவது அங்கொன்றும் இங்கொன்றுமாக நடப்பதும் இல்லை. அமேசான் பிரைம் சந்தாவை ரத்து செய்ய நான்கு பக்கம், ஆறு கிளிக், பதினைந்து தெரிவுகளைக் கடக்க வேண்டியிருந்தது என்று நுகர்வோரைப் பாதுகாக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023-இல் வழக்குப் போட்டது. அந்தப் பாதைக்கு நிறுவனத்துக்குள் வைத்திருந்த பெயர் இலியட், முடிவில்லாமல் இழுத்த டிராய் போரின் காவியம். நக்கலாகத்தான் வைத்திருக்கிறார்கள், தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

சாட்பாட்டைத் திட்டி என்ன பயன் என்பவர்களுக்கும் ஒரு செய்தி. ஏர் கனடாவின் சாட்பாட், உறவினர் இறந்து பயணம் செய்பவருக்கான கட்டணச் சலுகையைப் பிறகு விண்ணப்பித்தும் வாங்கலாம் என்று ஒரு பயணியிடம் தவறாகச் சொன்னது. பாட்டி இறந்த துக்கத்தில் இருந்தவர் அதை நம்பி டிக்கெட் எடுத்தார். விவகாரம் தீர்ப்பாயத்துக்குப் போனபோது, சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று வாதாடிப் பார்த்தது நிறுவனம். 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம், உன் தளத்தில் இருப்பது எதுவானாலும் நீதான் பொறுப்பு என்று சொல்லிப் பணத்தைக் கொடுக்கவைத்தது. இதைச் சொல்ல ஒரு தீர்ப்பாயம் தேவைப்பட்டது, பாருங்கள்.

நல்ல நிறுவனங்களே இல்லையா என்று கேட்கிறீர்கள். இருக்கின்றன. தவறு என்றதும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தவர்களிடமும் வாங்கியிருக்கிறேன். அவர்கள் என்னிடம் மார்க் கேட்டதாக நினைவில்லை.

கடைசியாக, "பிடிக்கவில்லை என்றால் நேரில் கடைக்குப் போய் வாங்க வேண்டியதுதானே" என்ற அறிவாளிகள். படுத்த படுக்கையாக ஒருவர் வீட்டில் இருக்கும்போது அவரை விட்டு நகர முடியாதவர் எந்தக் கடைக்குப் போவார்? மூட்டு வலிக்காரர்? சக்கர நாற்காலிக்காரர்? ஆன்லைன் கடை எங்களுக்கு ஆடம்பரம் இல்லை, அதனால்தான் இவ்வளவு கத்துகிறேன். வேறு போக்கிடம் உள்ளவர்கள் தாராளமாக இரக்கத்தோடு பத்து போட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டதற்குப் பதில் வராதவரை என்னிடமிருந்து ஒரு நட்சத்திரம், ஒரு எண், ஒரு சிரிப்புப் பொம்மைகூடப் போகாது.

இந்தப் பதிவால் மனம் புண்பட்டு என்னை அன்ஃப்ரெண்ட் செய்ய விரும்புகிறவர்கள் ஒரே கிளிக்கில் போகலாம். காரணம் கேட்டுப் படிவம் அனுப்ப மாட்டேன்.