குடியாத்தம் பக்கம் நில அதிர்வு நிலையங்கள் வேண்டும், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும்

2021 நவம்பர், டிசம்பரில் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் நிலம் அடுத்தடுத்து ஆடியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நவம்பர் 29 விடியற்காலை வந்த அதிர்வின் அளவு ரிக்டரில் 3.6. டிசம்பர் 23-ம் தேதி 3.5, கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் 3.5. மீனூர், தட்டப்பாறை பக்கம் வீட்டுச் சுவர்களில் விரிசல். குவாரி வெடிதான் என்றார்கள் சிலர். பாலாற்றில் அத்தனை தண்ணீர் போனதே, அதுதான் என்றார்கள் சிலர். சரி, எது உண்மை?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கருவிகள் கிட்டத்தில் இருக்க வேண்டும். அதிர்வில் முதலில் வரும் அலை பாறையில் நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடும், இரண்டாவது அலை சுமார் 3.5. இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடி இடைவெளி என்றால் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தூரம். ஒரு நிலையம் தூரத்தைச் சொல்லும், இடத்தைக் குறிக்கக் குறைந்தது மூன்று நிலையங்கள் வேண்டும். ஆழம்தான் கஷ்டம். ஆடும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நிலையம் இல்லாவிட்டால் அதில் பெரிய பிழை வரும்.

குவாரி சந்தேகமும் அப்படித்தான். வெடி எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும், அதனால் சுற்றியுள்ள நிலையங்களில் முதல் அசைவு மேல்நோக்கியே பதிவாகும். பாறைப் பிளவு நழுவினால் சில இடத்தில் மேலே, சில இடத்தில் கீழே. சுற்றிலும் கருவி இருந்தால் ஊர்ச் சண்டைக்கே வேலை இல்லை.

சின்ன அதிர்வுதானே என்று விடவும் எனக்கு மனசு வரவில்லை. மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் 1992-லேயே சின்னச் சின்ன அதிர்வுகள் வந்தன. அப்போதைய வரைபடத்தில் அது ஆபத்து மிகக் குறைந்த மண்டலம். 1993 செப்டம்பர் 30 அன்று வந்த பெரிய நிலநடுக்கத்தில் கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் செத்தார்கள். இங்கேயும் அப்படி ஆகும் என்று யாரும் பயப்பட வேண்டாம், இப்படி வரும் தொடர் அதிர்வுகள் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். ஆனால் நமக்கு மோர்தானா அணை இருக்கிறது, மண் சுவர் வீடுகள் இருக்கின்றன. கணக்கு வைத்துக்கொள்வது அவசியம்.

நம்மிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. இங்கிருந்து 200 கிலோமீட்டருக்குள், கர்நாடகத்தில் இருக்கும் கௌரிபிதனூரில் 1965 முதல் நில அதிர்வுக் கருவி வரிசை இயங்குகிறது, வெளிநாட்டு அணுகுண்டுச் சோதனைகளையே பிடித்திருக்கிறது. தேசிய நில அதிர்வு மையத்துக்கு நாடு முழுக்க 150-க்கு மேல் நிலையங்கள் உண்டு. ஆனால் இவ்வளவு பெரிய நாட்டுக்கு அது போதாது. நம் ஊர் அளவுக்கு நெருக்கமான சின்ன வலைப்பின்னல் தனியாக வேண்டும்.

பராமரிப்புதான் என் பெரிய கவலை. எங்கள் பக்கத்தில் ஓர் அலுவலக வளாகத்தில் தானியங்கி வானிலைக் கருவி ஒன்றைப் பார்த்தேன். சோலார் தகட்டின் மேல் புங்கமரக் கிளை படர்ந்து கிடக்கிறது. பேட்டரி முனை பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. வயரை எலி கடித்திருக்கிறது. யாரைக் கேட்டாலும் "அது எங்க செக்‌ஷன் இல்ல சார்" என்கிறார்கள். நில அதிர்வுமானிக்கு இதே கதி வந்தால் வாங்கிய பணம் மொத்தமும் வீண். அதன் ஜிபிஎஸ் நேரம் ஒரு நொடி தப்பினால் இடம் பல கிலோமீட்டர் தள்ளிப் போகும்.

இடத்துக்கும் நமக்குக் குறைவில்லை. தோண்டினால் பாறைதான், கருவிக்கு அதுதான் வேண்டும். பெங்களூரு நெடுஞ்சாலை, ஜோலார்பேட்டை ரயில் பாதையை விட்டு உள்ளே தள்ளி வைத்தால் லாரி, ரயில் இரைச்சல் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. அப்புறம், பள்ளிகளில் ராஸ்பெர்ரி ஷேக் மாதிரி விலை குறைந்த கருவிகளும் வைக்கலாம். ஹெய்ட்டியில் 2021 நிலநடுக்கத்தின் பின்னதிர்வுகளை ஆராய, மக்கள் வீடுகளில் வைத்திருந்த இந்தக் கருவிகளே உதவின.

திங்கள்கிழமை குறைதீர்வுக் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறோம். குடியாத்தம், பேரணாம்பட்டு தாலுகாக்களில் நிரந்தர நிலையங்கள், கருவி வாங்கும் டெண்டரிலேயே ஐந்து வருடப் பராமரிப்பு, பதிவுகள் பொதுமக்கள் பார்வைக்கு. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் கமென்டில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதுங்கள்.